கண்ணாடி மீயும் வீட்டுக்காரரின் மாத்திரையும்

பட்டர்வொர்த் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 53. கணவருக்கு 58, தொழிற்சாலை ஊழியர்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறார். ஒன்பது வருடமாக இனிப்பு நீர். அரசாங்கக் கிளினிக்கில் மெட்ஃபார்மினும், காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன் போடும்படி கிளிக்லசைடும் கொடுத்திருக்கிறார்கள். கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி, அதாவது இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் அளவு, 8.4 விழுக்காடு. கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகள் மாதம் ஒருமுறை வரும்போது ஞாயிற்றுக்கிழமை தக்காளி சாஸ் போட்டு ஸ்பகெட்டி செய்வாள். அப்பாவுக்கு அது உயிர். அதை விட முடியாமல், சாப்பிட்டால் சீனி ஏறுகிறதே என்று வீட்டில் சண்டை.

இந்த நேரத்தில் தெரிந்தவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஷிராட்டாக்கி என்கிற ஜப்பானிய மீயை விற்றிருக்கிறார். "மாவுச்சத்தே கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், மூன்று மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்றாராம். ஒரு பெட்டி, 20 பாக்கெட், 170 ரிங்கிட். முதல் பாக்கெட்டை வெட்டியதும் மீன் வாடை. அன்று வெள்ளிக்கிழமை, வீட்டில் சைவம். இரண்டு பாக்கெட் குப்பைக்குப் போனது. அடுத்த தடவை கொதிக்கிற சாஸில் நேரே போட்டார். சாஸ் தண்ணீராகி, மீ ரப்பர் பேண்டு மாதிரி மிதந்தது. இருந்தாலும் விடாமல் இரண்டு வாரம் இரவுச் சாப்பாடு அதுதான். கணவர் பாதியிலேயே தட்டைத் தள்ளிவிடுவார். ஒரு நாள் இரவு 9.40க்கு, வேனை எடுக்கக் கிளம்பும்போது அவருக்குக் கை நடுங்கி, சட்டை நனையும் அளவுக்கு வேர்த்திருக்கிறது. விரலில் குத்திப் பார்த்தால் சீனி 3.4 மில்லிமோல். மைலோ கலக்கிக் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார். மறுநாளிலிருந்து கிளிக்லசைடை இவராகவே பாதியாக உடைத்துக் கொடுத்து வருகிறார்.

இவருடைய கேள்விகள்: மீ கெட்டுப்போனதா? இதை எப்படித்தான் சமைப்பது? சோஹூனும் இதுவும் ஒன்றுதானே, அது மலிவாயிற்றே? 79 வயது மாமியாருக்கும் கொடுக்கலாமா? மிச்சப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வழி உண்டா?

சகோதரி, நீங்கள் அதிகமாகக் கேட்டிருப்பது சமையலைப் பற்றி. ஒரு டயட்டீஷியனாக எனக்கு அந்த 9.40 மணிதான் கண்ணில் நிற்கிறது. அதைப் பேசிவிட்டு அடுப்பங்கரைக்குப் போவோம்.

முதலில் மாத்திரை

கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினைச் சுரக்க வைப்பது கிளிக்லசைடின் வேலை. தட்டில் இருப்பது சோறா ஷிராட்டாக்கியா என்று அதற்குத் தெரியாது. உங்கள் வீட்டுக்காரர் வழக்கமாக இரவில் இரண்டு கிண்ணம் சோறு சாப்பிடுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். டாக்டர் மாத்திரை எழுதியது அந்தச் சோற்றைக் கணக்கில் வைத்து. நீங்கள் சோற்றை மொத்தமாக எடுத்துவிட்டு, கிட்டத்தட்ட தண்ணீர் மட்டுமே உள்ள ஒரு மீயை வைத்தீர்கள். அதிலும் அவர் பாதிதான் சாப்பிட்டார். மாத்திரை வழக்கம்போல வேலை செய்தது, இறக்குவதற்கு இரத்தத்தில் சீனி இல்லை. மெட்ஃபார்மின் தனியாக இப்படி இறக்குவது அபூர்வம், அதன் மேல் பழி போட வேண்டாம்.

மாத்திரையைப் பாதியாக்கியது பயத்தில் செய்தது, புரிகிறது. அளவைக் குறைக்க வேண்டுமோ என்று தோன்றியதிலும் தப்பில்லை, டாக்டரும் ஒருவேளை அதைத்தான் சொல்வார். ஆனால் இப்போது நடப்பதைப் பாருங்கள்: காலையில் ரொட்டி சானாய், மத்தியானம் கடையில் சோறு, மாத்திரை மட்டும் பாதி. இரவில் இறங்கியதைச் சரிசெய்யப் போய், பகலில் ஏற விடுகிறீர்கள். அடுத்த அப்பாயின்மென்ட் வரை காத்திருக்காமல் நாளைக் காலையே கிளினிக்குக் கூப்பிட்டு, 3.4 என்ற அந்த எண்ணையும் பாதி மாத்திரையையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்கள் பார்க்கும்வரை டாக்டர் எழுதிய அளவும் பழைய சாப்பாட்டு அளவும் சேர்ந்தே திரும்பி வரட்டும். இரவில் மாவுச்சத்தே இல்லாத தட்டு இப்போதைக்கு வேண்டாம்.

போகும்போது ஏழு நாள் அளவுகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள், சாப்பாட்டுக்கு முன் ஒன்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. இங்குள்ள மருத்துவ வழிகாட்டியில் பொதுவான இலக்கு சாப்பாட்டுக்கு முன் 4.4 முதல் 7.0, இரண்டு மணி நேரம் கழித்து 4.4 முதல் 8.5. அவருக்கு எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும். மீ பாக்கெட்டையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டயட்டீஷியனைப் பார்க்க வேண்டும் என்று நீங்களே வாய்விட்டுக் கேட்கலாம். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று நம்மவர்கள் பலர் கேட்பதே இல்லை. பின்னால் எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் மாதிரி, சீனியைச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்துக்கு மாற்றினால், மாவுச்சத்தைக் குறைக்கப் போவதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். அந்த மருந்துகளோடு மாவுச்சத்தை ரொம்பவும் குறைத்தால், சீனி அளவு சாதாரணமாகத் தெரியும்போதே இரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு.

மறுபடி நடுங்கினால் மைலோவைத் தேட வேண்டாம். பாலும் கொழுப்பும் சேர்ந்தால் சீனி இரத்தத்தில் ஏறுவது தாமதமாகும். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துக் குத்திப் பாருங்கள். இன்னும் 4-க்குக் கீழே இருந்தால் மறுபடி அதே அளவு. ஏறிய பிறகு இரண்டு துண்டு ரொட்டி. ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 999. அப்புறம் வேன்: கிளம்பும் முன் குத்திப் பார்க்க வேண்டும், 5-க்குக் கீழே என்றால் சாவியைத் தொடக்கூடாது. இறங்கி ஏறிய நாளில், அளவு சரியான பிறகும் முக்கால் மணி நேரமாவது பொறுக்க வேண்டும். பின்னால் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்த வாடை எங்கிருந்து வந்தது

அதில் மீன் இல்லை. குப்பைக்குப் போன இரண்டு பாக்கெட்டும் நல்ல பாக்கெட்டாகத்தான் இருந்திருக்கும். ஷிராட்டாக்கி செய்வது கொன்யாக்கு என்கிற கிழங்கு மாவில். அது நம் சேனைக்கிழங்கின் பங்காளி, இரண்டும் ஒரே தாவரப் பேரினம். அந்த மாவைத் தண்ணீரில் கரைத்து, உறைய வைப்பதற்குச் சுண்ணாம்பு சேர்க்கிறார்கள். வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே சுண்ணாம்புதான், உணவுக்கென்று சுத்தப்படுத்தியது. பாக்கெட்டில் நிற்பது அந்தக் காரத் தண்ணீர். மூடி வைத்த காரத் தண்ணீரில் மீன் மாதிரி ஒரு வாடை வரும், அலசினால் போய்விடும். வெள்ளிக்கிழமையும் சாப்பிடலாம். ஆனால் பொருள் பட்டியலைப் பார்த்துவிடுங்கள், சிலவற்றில் முட்டையோ வேறு எதுவோ சேர்த்திருப்பார்கள்.

பட்டியலைப் பார்க்கும்போது இன்னொன்றும் கவனியுங்கள். தண்ணீர், கொன்யாக்கு மாவு, கால்சியம் ஹைட்ராக்சைடு, இவ்வளவுதான் இருக்க வேண்டும். மலாயில் 'கஞ்சி உபி காயு' என்று இருந்தால் மரவள்ளி மாவு கலந்தது. மாவுக்கு மலாயில் 'கஞ்சி' என்கிறார்களே, அது நம் கஞ்சியிலிருந்து போன சொல்தான். ஆகவே லேபிளில் கஞ்சியைப் பார்த்தால் நம் ஆள் என்று சந்தோஷப்படாமல், கார்போஹைட்ரேட் எத்தனை கிராம் என்று பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்.

சுத்தமான ஷிராட்டாக்கியில் 97 விழுக்காடு தண்ணீர். மீதி பெரும்பாலும் குளுக்கோமன்னான் என்கிற நார்ச்சத்து. சீனியை ஏற்றாது என்று விற்றவர் சொன்னது சரி. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றதுதான் கோளாறு. இதில் புரதம் இல்லை, சத்து என்று சொல்ல எதுவும் இல்லை. வெறும் தக்காளி சாஸோடு ஒரு தட்டு சாப்பிட்டால் வயிறு நிரம்பின மாதிரி இருக்கும், அப்புறம் காலியாகிவிடும். பழக்கமில்லாத வயிற்றுக்கு ஒரேயடியாக இரண்டு பாக்கெட் போனால் வாயு பிடித்து உப்பிக்கொள்ளும். அரை பாக்கெட்டில் ஆரம்பித்து, கூடவே தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். இப்படி நார்ச்சத்து மிகுந்ததைச் சாப்பிடும்போது மருந்து உடலில் சேர்வது தாமதமாகலாம். மாத்திரை நேரத்தையும் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சோஹூன் வேறு, இது வேறு

பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். இரண்டும் கண்ணாடிபோல, இரண்டும் வழுக்கும். சோஹூன் பச்சைப்பயற்றின் மாவை மட்டும் பிரித்தெடுத்துச் செய்தது. பயறு என்றதும் புரதம் என்று நினைத்துவிடுகிறோம், ஆனால் புரதத்தையும் நாரையும் எடுத்துவிட்ட பிறகு மிஞ்சிய மாவுதான் அது. உலர்ந்த சோஹூன் 100 கிராமில் 80 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. மீகூனும் ஏறக்குறைய அப்படித்தான், அது அரிசி. சூப்பில் சோஹூன் போட்டுவிட்டு "சோறு சாப்பிடவில்லை, ஆனாலும் சீனி ஏறிவிட்டது" என்று என்னிடம் வருகிறவர்கள் நிறையப் பேர்.

வேடிக்கை என்னவென்றால், நீங்கள் இவ்வளவு பயப்படும் பாஸ்தா அவ்வளவு மோசமான பேர்வழி இல்லை. உலர்ந்த பாஸ்தா 100 கிராமில் 70 கிராமுக்கு மேல் மாவுச்சத்து உண்டு, உண்மைதான். ஆனால் டுரம் கோதுமையில் நெருக்கமாகப் பிசைந்து செய்வதால், மாவு புரத வலைக்குள் மாட்டிக்கொண்டிருக்கும், மெதுவாகத்தான் கரையும். குழைய விடாமல், பல்லில் கொஞ்சம் தட்டுப்படும் பதத்தில் இறக்கினால் இன்னும் மெதுவாக. அதே எடைச் சோற்றோடும் வெள்ளை ரொட்டியோடும் பார்த்தால் பாஸ்தா பொதுவாக நிதானமாகவே சீனியை ஏற்றும். தட்டில் மலைபோலக் குவிப்பதுதான் பிரச்சினை.

குவாலியில் என்ன நடக்க வேண்டும்

சரி, சமையல். நான் முதன்முதலில் இதைச் செய்தபோது என் மகன் "அம்மா, இது மீயா மண்புழுவா" என்று கேட்டான். நானும் உங்களைப் போலவே சாஸில் நேரே போட்டவள்தான்.

பாக்கெட்டில் உள்ள தண்ணீரைக் கொட்டிவிட்டு, மீயை வடிதட்டில் போட்டுக் குழாய்த் தண்ணீரில் ஒரு நிமிடம் கையால் அலசுங்கள். கத்தரிக்கோலால் மூன்று நான்கு இடங்களில் வெட்டிவிடுங்கள். இது பல்லில் எளிதில் அறுபடாது, நீளமாக விட்டால் உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கொதிக்கிற தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வினிகர் விட்டு, இரண்டு மூன்று நிமிடம் போட்டு எடுத்து நன்றாக வடியுங்கள். இதோடு வாடை போய்விடும்.

அடுத்ததைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். குவாலியைக் காயவைத்து, எண்ணெய் விடாமல், வடித்த மீயைப் போடுங்கள். முதலில் சொய்யென்று ஆவி கிளம்பும். புரட்டிக்கொண்டே இருங்கள். ஐந்தாறு நிமிடத்தில் ஆவி அடங்கி, கரண்டி பட்டதும் கீச் கீச்சென்று சத்தம் வரும், ஈரச் செருப்போடு டைல்ஸ் தரையில் நடந்தால் வருமே, அந்த மாதிரி. அந்தச் சத்தம் கேட்கும்வரை எதையும் சேர்க்காதீர்கள். உங்கள் சாஸைத் தண்ணீராக்கியது இந்த மீக்குள் இருந்த ஈரம்தான்.

பாஸ்தா வேறு மாதிரி. அது சாஸைக் கொஞ்சம் உறிஞ்சும், அதிலிருந்து கரையும் மாவு சாஸைப் பிடித்து நிறுத்தும். ஷிராட்டாக்கி எதையும் உறிஞ்சாது, சாஸ் அதன் மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். அதனால் சாஸைத் தனியாகக் கெட்டியாகச் சுண்ட வையுங்கள். பூண்டு, பெரிய வெங்காயம், நான்கு பழுத்த தக்காளி, ஆளுக்கு 100 கிராம் கோழிக் கைமா அல்லது உதிர்த்த தவுகுவா. கரண்டியால் சட்டியின் அடியில் ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோடு இரண்டு மூன்று விநாடி மூடாமல் நிற்க வேண்டும். உப்பும் மிளகும் சாஸில் சரியாக இருக்கட்டும், மீக்கென்று சொந்தச் சுவை கிடையாது. கடையில் வாங்கும் பாட்டில் சாஸ் என்றால் சீனி எத்தனை கிராம் என்று பாருங்கள். கடைசியில் கீச்சென்ற மீயைப் போட்டு ஒரு நிமிடம் பிரட்டி இறக்குங்கள்.

என்னைக் கேட்டால், இந்த மீக்கு இத்தாலியச் சாஸைவிட நம் ஊர்ப் பிரட்டல்தான் பொருத்தம். காய்ந்த சம்பல், முட்டை, தவுகே, முட்டைக்கோஸ், இறால் போட்டு மீ கோரேங் மாதிரி வாட்டி எடுத்தால், வீட்டுக்காரர் தட்டைத் தள்ள மாட்டார். மீ ரெபுஸ் குழம்பில் மட்டும் போட வேண்டாம். அந்தக் கெட்டி சர்க்கரைவள்ளிக்கிழங்கிலிருந்து வருவது, மீயில் மிச்சப்படுத்தியதைக் குழம்பில் விட்டுவிடுவீர்கள்.

வேறு வழிகளும் இருக்கின்றன, இவ்வளவு விலையும் கிடையாது. கேமரன் மலையிலிருந்து வரும் சுக்கினியைத் தோல் சீவியால் நீளமாகச் சீவுங்கள், நடுவில் விதைப் பகுதி வந்ததும் நிறுத்திவிடுங்கள். உப்புத் தூவிக் கால் மணி நேரம் விட்டால் தண்ணீர் விடும். பிழிந்து, சூடான குவாலியில் ஒரே நிமிடம். அதற்கு மேல் போனால் கூழ். தவுகுவாவை நீளமாக நறுக்கி வறுப்பது இன்னொன்று. இரண்டு முட்டையைத் தோசைபோல மெல்லிசாக ஊற்றி, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி ரிப்பனாக வெட்டினால் அதுவும் ஒரு மீ. தவுகுவாவிலும் முட்டையிலும் புரதம் இருப்பதால் இரவு வேலைக்குப் போகிறவருக்குப் பசி தாங்கும். சிறுநீரகத்தில் பிரச்சினை என்று டாக்டர் சொல்லியிருந்தால் மட்டும் புரத அளவைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைத் தட்டு

மகள் வரும் ஞாயிற்றுக்கிழமை பாஸ்தாவை விட்டுவிட வேண்டாம். ஆளுக்கு 40 கிராம் உலர்ந்த ஸ்பகெட்டியை எடைபோட்டு வேகவையுங்கள். கண் அளவில் எடுத்தால் அது 80 ஆகிவிடும், அதனால் தராசு வேண்டும். அதில் ஏறக்குறைய 30 கிராம் மாவுச்சத்து வரும். வறுத்து வைத்த ஷிராட்டாக்கி அரை பாக்கெட்டை அதோடு கலந்துவிடுங்கள். உண்மையான ஸ்பகெட்டியின் மாவு சாஸைப் பிடித்துக்கொள்ளும், ஷிராட்டாக்கி தட்டை நிரப்பும், மாத்திரைக்கும் வேலை இருக்கும். கிளினிக்கில் மருந்தளவைப் பார்த்து முடித்த பிறகு, தினசரி இரவுக்கும் இந்தப் பாதிக்குப் பாதிதான் என் சிபாரிசு. முழுக்க முழுக்க ஷிராட்டாக்கி என்று போனவர்களில் பலர் மூன்றாவது வாரம் கொய்த்தியாவ் கடையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பாருங்கள், அவர் உடம்பு என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும்.

மாமியாருக்குக் கொடுக்க வேண்டாம். பல்செட் போட்டிருக்கிறார், தண்ணீர் குடிக்கும்போதே சில சமயம் புரையேறுகிறது என்கிறீர்கள். வழுக்குகிற, அறுபடாத ஒன்றை மென்று விழுங்குவது அவருக்கு ஆபத்து. பொடியாக நறுக்கினாலும் வேண்டாம். கொன்யாக்கு ஜெல்லியும் இதே கதைதான், திருவிழா வீட்டில் யாராவது நீட்டினால் நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புரையேறுவதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிற விஷயமில்லை.

அந்தப் பெட்டியைப் பற்றி

2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி இந்த நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இதைக் குறிவைத்து விற்கிறவர்கள் நிறைய. ஓர் உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லி விற்க 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் இடம் தரவில்லை. இனிப்பு நீருக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டமும் தடுக்கிறது. விற்றவர் தெரிந்தவர் என்பதால் உங்களுக்குச் சங்கடம் இருக்கும். முதலில் அந்த வாட்ஸ்அப் செய்தியை அழிக்காமல் படம் பிடித்து வைத்துக்கொண்டு, பணத்தைக் கேட்டுப் பாருங்கள். மறுத்தால் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இருக்கிறது, கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் தேவையில்லை. வழி கேட்கப் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம்.

170 ரிங்கிட்டுக்காக அவ்வளவு தூரம் போவதா என்பது உங்கள் விருப்பம். பொருளில் குறை இல்லை, சொன்ன பொய்யில்தான் குறை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் காலாவதி தேதி தள்ளி இருந்தால் அரை பாக்கெட்டாகச் சமைத்தே தீர்த்துவிடலாம். வெட்டிய பாக்கெட்டின் மிச்சத்தைத் தண்ணீரில் மூழ்க வைத்து ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று நாள் வைக்கலாம். உறைபெட்டியில் மட்டும் போடாதீர்கள், எடுத்தால் தண்ணீர் பிரிந்து மீ நார்நாராகிவிடும்.